நாற்பது மாணவர்களை ஒரு சின்னக் கம்பெனி எப்படி வரவேற்பது?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். ஓசூர் சிப்காட்டில் அறுபது பேர் வேலை செய்யும் உதிரிபாக யூனிட் நடத்துகிறீர்கள். பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளி ஹெச்.எம். வந்து, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேரை அரை நாள் அழைத்து வரலாமா என்று கேட்டிருக்கிறார். சட்டச் சிக்கல் வருமா, என்ன காட்டுவது, நாற்பது பேரைச் சமாளிக்க நம்மிடம் ஆள் ஏது என்று மூன்று கேள்விகள் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில் போகிற போக்கில் ஒன்று கேட்டீர்களே, ‘சுற்றிக் காட்டி பிஸ்கட், ஜூஸ் கொடுத்து அனுப்பினால் போதாதா, அதற்கு மேல் இதில் யாருக்கு என்ன பயன்?’ என்று, அதுதான் உண்மையான கேள்வி என்று நினைக்கிறேன். அதற்குப் பதில் தெரிந்துவிட்டால் மற்ற மூன்றும் பெரிய கஷ்டமில்லை.

நான் தர்மபுரிக்காரன். ஓசூரில் ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனியின் பயிற்சிப் பிரிவில் பல வருடம் இருந்தேன். அப்ரண்டிஸ் பையன்களோடுதான் முக்கிய வேலை. பள்ளிப் பிள்ளைகள் வரும்போது அதையும் நாங்களே பார்த்துக்கொள்வோம். எனக்குத் தெரிந்தது மெஷினிங்கும் அசெம்பிளியும். கெமிக்கல், மருந்து, மருத்துவமனை போன்ற இடங்களுக்கு நான் சொல்வது அப்படியே பொருந்தாது. அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

முதலில், வரப்போகிற பிள்ளைகளுக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று பாருங்கள். இது மெஷினையே பார்க்காத ஊர் இல்லை. அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று ஓசூரில் பெரிய தொழிற்சாலைகள் வந்து நாற்பது வருடம் ஆகிவிட்டது. குருபரப்பள்ளியில் டெல்டா, போச்சம்பள்ளியில் ஓலா, தேன்கனிக்கோட்டைப் பக்கம் டாடா எலக்ட்ரானிக்ஸ் என்று இப்போது கிருஷ்ணகிரி மாவட்டம் முழுக்கப் பரவிவிட்டது. தர்மபுரிப் பக்கத்துக் கிராமங்களில்கூட விடிகாலையில் ரோட்டோரம் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பவர்களைப் பார்க்கலாம். உங்களிடம் வரும் நாற்பது பேரில் பாதிப் பேர் வீட்டிலாவது ஒரு அண்ணனோ மாமாவோ அக்காவோ கம்பெனிக்குப் போவார்கள். ஷிப்ட், ஓ.டி., ஐ.டி. கார்டு, காண்ட்ராக்ட் எல்லாம் அந்தப் பிள்ளைகளுக்குப் பழகிய சொற்கள். கம்ப்யூட்டர் சொல்கிறபடி வெட்டும் சி.என்.சி. மெஷின் ஓடுவதைக் கண்ணாடி வழியாகக் காட்டினால் பத்து நிமிடம் வியப்பார்கள், அவ்வளவுதான்.

அவர்களுக்குத் தெரியாதது வேறு. அறுபது பேர் இருக்கும் ஒரு யூனிட்டுக்குள் குறைந்தது பத்துப் பன்னிரண்டு வகை வேலை இருக்கிறது என்பதும், ஒவ்வொன்றுக்கும் நுழையும் வழி வேறு என்பதும் அவர்களுக்குத் தெரியாது. மாமா லைனில் நின்று ஒரே பார்ட்டை நாள் முழுக்கக் கழற்றி மாட்டுகிறார் என்றால், கம்பெனி என்றாலே அதுதான் என்று பிள்ளை முடிவுகட்டிவிடும். அப்புறம் ‘பெரியவனானால் என்ன ஆகப் போகிறாய்?’ என்று கேளுங்கள். டாக்டர், கலெக்டர், போலீஸ், டீச்சர். ஒரு பக்கம் கலெக்டர், மறுபக்கம் லைன். நடுவில் இருக்கும் தர ஆய்வாளர், அச்சும் கருவியும் செய்யும் டூல் ரூம் ஆள், மெயின்டனன்ஸ் எலக்ட்ரீஷியன், ஸ்டோர்ஸ், பர்ச்சேஸ், டிஸ்பாட்ச், கணக்கு, சேஃப்டி, டிசைன் எல்லாம் வெற்றிடம். இது நம் ஊர்ப் பிள்ளைகளின் குறை என்று நினைக்க வேண்டாம். 41 நாடுகளில் 15 வயதுப் பிள்ளைகள் சொன்ன பதில்களை வைத்து ஓ.இ.சி.டி. என்ற பன்னாட்டுப் பொருளாதார அமைப்பு 2020-இல் ஒரு அறிக்கை வெளியிட்டது. பையன்களில் 47 சதவீதமும் பெண்களில் 53 சதவீதமும் வெறும் பத்து வேலைகளுக்குள்ளேயே எதிர்காலத்தைச் சொல்லியிருந்தார்கள். டாக்டர், டீச்சர், போலீஸ் அங்கேயும் உண்டு.

ஆக, அரை நாளில் நீங்கள் செய்யக்கூடியது அந்த நடு வெற்றிடத்தில் ஐந்தாறு மனிதர்களை நிறுத்துவதுதான். நாற்பது பேருக்குத் தனித்தனியாகப் பயிற்சி கொடுக்கும் வசதி உங்களுக்குக் கிடையாது, தேவையும் இல்லை. கூட்டமாக வருவதால் ஒரு நல்லதும் உண்டு. தனியாக வரும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை வாயே திறக்காது. எட்டுப் பேராக வந்தால் ஒருவராவது தைரியமாகக் கேட்டுவிடுவார், மற்றவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு மேலே போவார்கள்.

இதனால் பயன் உண்டு என்பதற்கு ஆதாரம் இருக்கிறதா என்றால், இருக்கிறது, ஆனால் ஓரளவுக்குத்தான். இங்கிலாந்தில் 2012-இல் வந்த ஓர் ஆய்வில், பள்ளிக் காலத்தில் நான்கு தடவையோ அதற்கு மேலோ வேலை கொடுப்பவர்களைச் சந்தித்ததாக நினைவுகூர்ந்த இளைஞர்கள் படிப்பும் வேலையும் இல்லாமல் நிற்கும் வாய்ப்பு, ஒருமுறைகூடச் சந்திக்காதவர்களுக்கு இருந்ததில் ஐந்தில் ஒரு பங்குதான் என்று கண்டார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அது பெரியவர்களான பிறகு நினைவிலிருந்து சொன்னது. சந்திப்பினால்தான் அந்த வித்தியாசம் வந்தது என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. நல்ல பள்ளி, விவரமான பெற்றோர் என்று வேறு காரணங்களும் கூட இருந்திருக்கலாம். 2014-இல் அதே நாட்டில் கேட்ஸ்பி அறக்கட்டளை பள்ளிகளுக்கு எட்டு அளவுகோல்கள் வகுத்தபோது, வேலை கொடுப்பவர்களைச் சந்திப்பதையும் வேலையிடத்தை நேரில் அனுபவிப்பதையும் தனித்தனி அளவுகோல்களாக வைத்தது. ஜப்பானில் ஹியோகோ மாகாணத்தில் 1998 முதல், நம் எட்டாம் வகுப்பு வயதுப் பிள்ளைகள் ஐந்து நாள் உள்ளூர்க் கடை, பண்ணை, தொழிற்சாலை என்று போய் இருந்துவிட்டு வருகிறார்கள். இதிலிருந்தெல்லாம் நான் எடுத்துக்கொள்வது இவ்வளவுதான்: ஒருமுறை பெரிய விழா எடுப்பதைவிட, சின்னதாகப் பல தடவை சந்திப்பது மேல். உங்கள் அரை நாள் அந்தப் பிள்ளையின் நான்கு சந்திப்புகளில் ஒன்றாக இருக்கட்டும். எல்லாவற்றையும் அதிலேயே திணிக்க வேண்டாம்.

இனி நடைமுறைக்கு வருவோம். காலை ஒன்பதரைக்கு வந்து, மதியம் கேன்டீனில் சாப்பிட்டுவிட்டு ஒன்றரைக்குக் கிளம்புவதுபோல் வையுங்கள். ஷிப்ட் மாறும் நேரத்தில் கேட் பக்கம் லாரியும் பைக்குமாக இருக்கும், அந்த நேரம் வேண்டாம். மாதக் கடைசி வாரமும் வேண்டாம், டிஸ்பாட்ச் நெருக்கடியில் உங்கள் ஆட்களுக்கு முகம் கொடுத்துப் பேசவே நேரம் இருக்காது. ஆரம்ப உரை பத்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது. தாய்க் கம்பெனி எந்த வருடம் தொடங்கியது, எத்தனை கோடி டர்ன்ஓவர் என்று ஆங்கிலத்தில் ஸ்லைடு போடுவதை நிறைய இடத்தில் பார்த்துவிட்டேன், பிள்ளைகள் ஏ.சி. குளிரில் தூங்குவார்கள். ஸ்லைடே வேண்டாம். நீங்கள் செய்யும் பார்ட் ஒன்றைக் கையில் கொடுத்து, ‘இது எந்த வண்டியில் எந்த இடத்தில் இருக்கிறது, இது உடைந்தால் என்ன ஆகும்?’ என்று கேட்டால் போதும்.

பிறகு எட்டுப் பேராக ஐந்து குழு. ஒவ்வொரு குழுவும் ஐந்து இடங்களுக்குச் சுற்றி வரும், ஓர் இடத்தில் இருபத்தைந்து நிமிடம். அறுபது பேர் யூனிட்டில் ஐந்து பேரை இரண்டரை மணி நேரம் விடுவிக்க முடியும் என்றுதான் நினைக்கிறேன். முடியாவிட்டால் மூன்று இடம் போதும், பிள்ளைகளை இருபது இருபதாக இரண்டு நாளில் வரச் சொல்லுங்கள். இருபது பேரைத் தாண்டிய கூட்டத்தை ஒரே ஆள் கூட்டிக்கொண்டு சுற்றினால் முன்னால் நிற்கும் ஐந்து பேருக்குத்தான் காது கேட்கும், பின்னால் வருகிறவர்கள் மெஷினைத் தொட்டுப் பார்ப்பார்கள். இரண்டுமே ஆபத்து.

ஒவ்வொரு இடத்திலும் பிள்ளைகள் கையால் ஏதாவது செய்ய வேண்டும். தர ஆய்வு மேசையில்தான் இது ரொம்ப சுலபம். ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் அளவீட்டுப் பாடத்தில் வெர்னியரும் திருகு அளவியும் வருகின்றன. பள்ளியில் அதைப் படத்தில் பார்த்தவர்களும், ஆய்வகத்தில் ஒன்றைப் பத்துப் பேராகச் சூழ்ந்துகொண்டு பார்த்தவர்களும்தான் அதிகம். மைக்ரோமீட்டரை, அதாவது அந்தத் திருகு அளவியை, கையில் கொடுத்து அவரவர் தலைமுடியை அளக்கச் சொல்லுங்கள். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஐந்து பங்கிலிருந்து பத்துப் பங்கு வரை ஏதோ ஓர் எண் வரும். ஒருவருக்கொருவர் வித்தியாசம் தெரியும், உடனே சண்டை ஆரம்பிக்கும், யாருடைய முடி தடிப்பு என்று. அந்தச் சண்டை ஓயும் முன், ‘இந்தப் புஷ்ஷுக்கு நாங்கள் அனுமதிக்கிற வித்தியாசம் உன் ஒரு முடியைவிடக் குறைவு’ என்று சொல்லுங்கள், உங்கள் டிராயிங்கில் அது உண்மையாக இருந்தால். டாலரன்ஸ் என்றால் என்ன என்று அதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. அடுத்து ரிஜெக்ட் ஆன பார்ட்களையும் நல்ல பார்ட்களையும் கலந்து ஒரு டிரேயில் இருபது வைத்து, கோ–நோகோ கேஜ் (ஒரு முனை நுழைய வேண்டும், மறுமுனை நுழையக் கூடாது என்று பார்க்கும் அளவுகோல்) கொடுத்து, கெட்டதைப் பொறுக்கச் சொல்லுங்கள். எட்டுப் பேரும் ஒரே பதில் சொல்ல மாட்டார்கள். ஏன் சொல்லவில்லை என்று பேசுவதுதான் அந்த வேலையே.

ஸ்டோர்ஸில் ஒரு பின் கார்டும் (சரக்கு வரவு, செலவு, இருப்பு எழுதும் அட்டை) பத்து டப்பாவும் போதும். முதலில் வந்த சரக்கு முதலில் போக வேண்டும் என்ற விதியைச் சொல்லி, தேதி மாறிக் கிடக்கும் டப்பாக்களை அடுக்கச் சொல்லலாம். மெயின்டனன்ஸில் மின் இணைப்பே இல்லாத பழைய பேனல் ஒன்று மூலையில் கிடக்கும்; எம்.சி.பி., ரிலே, கான்டாக்டர் என்று மின்சாரத்தைத் துண்டிக்கவும் இணைக்கவும் உள்ள பாகங்களில் எது எதற்கு என்று பிரித்துக் காட்டலாம். பர்ச்சேஸில் மூன்று கொட்டேஷனைக் கொடுத்து, விலை, தரும் நாள், தரம் பார்த்து எதை எடுப்பாய் என்று கேளுங்கள். விலை குறைந்ததைத்தான் முதலில் எடுப்பார்கள். அது ஒரு மாதம் தாமதமாக வரும் என்றால் லைன் நிற்குமே என்று கேட்டுப் பாருங்கள். வணிகவியல் பிரிவு எடுக்க நினைக்கும் பிள்ளைக்குக் கம்பெனியில் தனக்கும் இடம் உண்டு என்று தெரிவது இந்த மேசையில்தான். ஐந்தாவது இடமாக டிசைன் அல்லது புரோகிராமிங் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் சேஃப்டியைக் கவனிப்பவரை நிறுத்துங்கள்.

ஒன்றில் மட்டும் உறுதியாக இருங்கள். கஸ்டமருக்குப் போகிற எந்தப் பார்ட்டையும் பிள்ளைகள் தொடக் கூடாது. ‘சும்மா நிற்பதற்குப் பத்து நிமிடம் பேக்கிங் பண்ணட்டுமே’ என்று சூப்பர்வைசர் விளையாட்டாகச் சொல்வார். வேண்டாம். 1986-ஆம் வருட குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டத்தை 2016-இல் திருத்தியபோது 14 வயதுக்கு உட்பட்டவர்களை வேலையில் அமர்த்துவதையே தடை செய்தார்கள். குடும்பத் தொழில், கலைத்துறை போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. 14 முதல் 18 வரை உள்ளவர்களைச் சுரங்கத்திலும், தீப்பற்றும் பொருள், வெடிபொருள் கையாளும் இடத்திலும், ஆபத்தான செயல்முறைகளிலும் அமர்த்தக் கூடாது. ஒன்பதாம் வகுப்பில் 13 வயதுக்காரரும் இருப்பார், 14-உம் இருப்பார். பார்க்க வருவதை இந்தச் சட்டம் தடுக்கவில்லை. உற்பத்தியில் கை வைத்தால்தான் பேச்சு மாறும். ஸ்கிராப் பார்ட்டை வைத்துச் செய்யும் பயிற்சியில் இந்தச் சந்தேகத்துக்கே இடமில்லை.

அனுமதி விஷயத்தில் நீங்கள் ஓட வேண்டாம். பள்ளிக்கு வெளியே மாணவர்களை அழைத்துப் போக மேலிடத்து அனுமதி வாங்குவதும், பெற்றோரிடம் கையெழுத்து வாங்குவதும் ஹெச்.எம். வேலை. உங்களிடமிருந்து அவருக்குத் தேவை லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம்: தேதி, நேரம், எந்தெந்தப் பகுதிக்கு அழைத்துப் போவீர்கள், யார் பொறுப்பு, முதலுதவிக்கு என்ன ஏற்பாடு. அந்தக் கடிதத்தின் நகலை உங்கள் சேஃப்டி கோப்பிலும் வையுங்கள். இன்ஷூரன்ஸ் விஷயத்தில் ஒரு தவறான நம்பிக்கை உண்டு. இ.எஸ்.ஐ. உங்கள் ஊழியர்களுக்கானது, வந்து போகும் பிள்ளைகளை அது காக்காது. உங்கள் பாலிசியில் வெளியாட்களுக்கான பொறுப்பு அடங்கியிருக்கிறதா என்று ஏஜெண்டிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

உள்ளே எங்கே போகக் கூடாது என்பதை முதல் நாளே மஞ்சள் டேப் ஒட்டி முடிவு செய்துவிடுங்கள். பிரஸ் ஷாப், பிளேட்டிங், பெயின்ட் பூத், ஹீட் ட்ரீட்மென்ட், ஃபோர்க்லிஃப்ட் ஓடும் பாதை, இவை எதுவும் வேண்டாம். சத்தம் அதிகமான இடத்தில் காதடைப்பான் கொடுத்துவிட்டால் போதாதா என்பார்கள். அங்கே பேசினாலும் கேட்காது, பிறகு எதற்குப் போக வேண்டும்? தொங்கும் துப்பட்டா, வளையல், செருப்பு எல்லாம் முன்கூட்டியே பள்ளியில் சொல்லப்பட வேண்டியவை. ஷூ இல்லாத பிள்ளையைக் கேட்டில் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். அந்தப் பிள்ளைக்கு ஸ்டோர்ஸ், பர்ச்சேஸ், தர ஆய்வு மேசை என்று பாதையை மாற்றிவிடலாம். எந்த இடத்திலும் உங்கள் ஆள் ஒருவர் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கும்படி விடக் கூடாது. 18 வயதுக்குட்பட்ட அனைவரையும் போக்ஸோ சட்டம் குழந்தையாகத்தான் பார்க்கிறது. உங்கள் ஆட்களுக்கும் அதுதான் பாதுகாப்பு. பெண் பிள்ளைகள் வந்தால் கட்டாயம் ஒரு ஆசிரியை கூட வர வேண்டும். போட்டோ எடுத்து முகநூலில் போடும் ஆசை எல்லாருக்கும் வரும். பெற்றோர் கையெழுத்திட்ட தாளில் அதற்குத் தனியாகச் சம்மதம் இருந்தால் மட்டும் போடுங்கள்.

யாரைப் பேச வைப்பது என்பதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். ஜி.எம். வந்து ‘கஷ்டப்பட்டு உழைத்தால் உயரலாம்’ என்று பேசினால் பிள்ளைகள் கை தட்டுவார்கள், மறந்துவிடுவார்கள். அதே அரசுப் பள்ளியில் படித்த, இருபத்தைந்து முப்பது வயதுக்குள் இருக்கும் ஆள் உங்களிடம் இருக்கிறாரா என்று தேடுங்கள். பெரும்பாலும் இருப்பார். பிள்ளைகள் ‘அண்ணா’, ‘அக்கா’ என்று கூப்பிடும் வயதில் இருப்பவர் பேசினால்தான் கேள்வி வரும். அவரிடம் முன்னாலேயே நான்கு கேள்விகளைக் கொடுத்துவிடுங்கள்: பத்தாவதில் எத்தனை மார்க், அதன் பிறகு என்ன படித்தீர்கள், வீட்டில் என்ன சொன்னார்கள், இந்த வேலையில் எது சலிப்பு. கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். சலிப்பைச் சொல்லாத ஆளைப் பிள்ளைகள் நம்புவதில்லை. தெலுங்கோ கன்னடமோ உருதுவோ பேசும் வீட்டிலிருந்து வருகிற பிள்ளைகள் நம் எல்லைப் பகுதியில் நிறைய. அந்த மொழி தெரிந்த ஒருவர் குழுவோடு இருந்தால் பேச்சு இன்னும் இலகுவாகும்.

சம்பளத்தைப் பற்றிக் கேட்பார்கள். மழுப்பாமல் சொல்லச் சொல்லுங்கள், ஆனால் எப்படிச் சொல்வது என்று யோசித்துவிட்டு. எனக்கு உள்ள பெரிய கவலை இதில்தான். பதினான்கு பதினைந்து வயதில், வீட்டில் கடன் இருக்கும் பையனுக்கு, கம்பெனியில் மாதம் இவ்வளவு வரும் என்ற ஓர் எண் போதும், பள்ளிக்குப் போவதை நிறுத்த. ஆகவே ஒற்றை எண்ணாகச் சொல்ல வேண்டாம். பத்தாவது முடிக்காமல் காண்ட்ராக்டில் வந்தவருக்கு இன்று எவ்வளவு, ஐந்து வருடம் கழித்து எவ்வளவு, ஐ.டி.ஐ. முடித்தவருக்கு எவ்வளவு, டிப்ளமோக்காரருக்கு எவ்வளவு, அதே ஐந்து வருடத்தில் யார் எங்கே போயிருக்கிறார்கள் என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். முதல் வரிசை ஐந்து வருடத்தில் பெரிதாக நகர்ந்திருக்காது. அதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

அதோடு கையில் ஒரு தாள் கொடுத்தனுப்புங்கள், ஒரு பக்கம், தமிழில். பத்தாவது முடித்தால் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட், எலக்ட்ரீஷியன் போன்ற பிரிவுகள் உண்டு. ஐ.டி.ஐ. அல்லது பிளஸ் டூ முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். டிப்ளமோ முடித்தவர் பி.இ.யில் நேரடி இரண்டாம் ஆண்டு போகலாம். கிருஷ்ணகிரியிலும் தர்மபுரியிலும் அரசு பாலிடெக்னிக் இருக்கிறது. பர்கூரிலும் தர்மபுரியிலும் அரசுப் பொறியியல் கல்லூரி இருக்கிறது. ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2021-இல் வந்தது. மேற்படிப்பு சேரும் அரசுப் பள்ளிப் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய், பையன்களுக்கு அதுபோலத் தமிழ்ப் புதல்வன். இதெல்லாம் பள்ளியிலும் சொல்கிறார்கள், 2022-இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் வழிகாட்டல் வகுப்பே இருக்கிறது. ஆனாலும் வேலை செய்யும் ஒருவர் ‘நான் இப்படித்தான் வந்தேன்’ என்று அதே தாளில் விரல் வைத்துக் காட்டும்போது அதற்கு வேறு எடை.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவர்கள் கேட்க நினைப்பது மெஷினைப் பற்றி இருக்காது. கம்பெனி பஸ் எந்த ஊர் வரை வரும், இரவு ஷிப்ட் உண்டா, ஹாஸ்டல் எப்படி, டாய்லெட் எங்கே, கல்யாணத்துக்குப் பிறகு அந்த அக்கா எப்படி வேலைக்கு வருகிறார். இதையெல்லாம் ஆண்கள் முன்னால் கேட்க மாட்டார்கள். ஆகவே உங்கள் பெண் ஊழியர்கள் இரண்டு பேரை, ஆண் சூப்பர்வைசர் இல்லாத ஒரு மேசையில், ஆசிரியையோடு உட்கார வையுங்கள். பெண்ணைச் சீக்கிரம் கல்யாணம் பண்ணிக் கொடுத்துவிடும் பழக்கம் இன்னும் போகாத கிராமங்கள் நம் இரண்டு மாவட்டங்களிலும் உண்டு. வீட்டில் போய் அம்மாவிடம் சொல்ல ஒரு நேரடிப் பதில் அந்தப் பெண்ணிடம் இருப்பது, மற்ற எல்லா மேசையையும்விட முக்கியமாக இருக்கலாம். முடிந்தால் இரண்டு மூன்று அம்மாக்களையும் சேர்த்தே வரச் சொல்லுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் இருக்கிறார்கள், ஹெச்.எம்.மிடம் கேட்டால் ஏற்பாடு செய்வார்.

மதியச் சாப்பாட்டைத் தனி அறையில் பார்சலாகக் கொடுக்காதீர்கள். கேன்டீனில் ஊழியர்களோடு வரிசையில் நின்று தட்டு எடுக்கட்டும். காலை முழுக்கக் கேட்காத கேள்வியெல்லாம் அங்கேதான் வரும். எனக்குத் தெரிந்து, இந்த மாதிரி நாட்களில் நடந்த நல்ல பேச்சில் பாதி சாம்பார் வாளிப் பக்கத்தில் நடந்தது.

வருவதற்கு முன்னால் பள்ளியில் ஒரு வகுப்பு, வந்து போன பிறகு ஒரு வகுப்பு, இரண்டும் நடந்தால்தான் இந்த அரை நாள் நிற்கும். முன்னால் ஒரு தாளில் ‘ஒரு கம்பெனிக்குள் என்னென்ன வேலைகள் இருக்கும்? தெரிந்ததை எழுது’ என்று ஆசிரியர் எழுத வைக்கட்டும். ஒரு வாரம் கழித்து அதே கேள்வியை மறுபடி கேட்கட்டும். இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்து எண்ணினால் உங்களுக்கு விடை கிடைக்கும். பெரிய ஆய்வு ஒன்றும் இல்லை. முதல் தாளில் நான்கு, இரண்டாவதில் பதினொன்று என்றால் ஏதோ நடந்திருக்கிறது, ஐந்து என்றால் அடுத்த முறை மேசைகளை மாற்றுங்கள். பத்து வருடம் கழித்து அந்தப் பிள்ளை என்ன ஆகும் என்பதை இந்தத் தாள் சொல்லாது. ஒன்பதாம் வகுப்பைத் தேர்ந்தெடுத்த ஹெச்.எம். விவரமானவர் என்று நினைக்கிறேன். பதினொன்றாம் வகுப்பில் எந்தப் பிரிவு என்று முடிவு செய்ய இன்னும் நேரம் இருக்கிறது. பத்தாம் வகுப்பை ஜனவரிக்குப் பிறகு யாரும் அனுப்ப மாட்டார்கள். காலாண்டுத் தேர்வு முடிந்து அரையாண்டுக்கு முன்னால் என்பது எல்லாருக்கும் வசதி.

உங்களுக்கு என்ன பயன் என்று கேட்டிருந்தீர்கள். ஆள் கிடைப்பார்கள் என்று எண்ணி இதைச் செய்யாதீர்கள். இந்தப் பிள்ளைகள் வேலைக்கு வர இன்னும் நான்கைந்து வருடமாவது ஆகும், அப்போது உங்களிடமே வருவார்கள் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. சமூகப் பணிக்குக் கம்பெனிகள் கட்டாயம் செலவிட வேண்டிய சி.எஸ்.ஆர். கணக்கும் உங்களுக்குப் பொருந்தாது. 500 கோடி நிகர மதிப்பு, 1000 கோடி விற்றுமுதல், 5 கோடி லாபம் இவற்றில் ஒன்றாவது இருக்கிற கம்பெனிக்குத்தான் அந்தக் கட்டாயம். பஸ் வாடகையும் சாப்பாடும்தான் உங்கள் செலவு. நான் கண்கூடாகப் பார்த்த ஒரே லாபம், பிள்ளைகளிடம் பேச வைத்த ஊழியரிடம்தான். தான் செய்யும் வேலையை எட்டுப் பிள்ளைகளுக்குப் புரியும்படி ஐந்து தடவை சொன்னவர், அடுத்த மாதம் புதிதாக வந்த டிரெய்னிக்கு அதைவிட நன்றாகச் சொல்லிக் கொடுப்பார். மற்றபடி கம்பெனியின் பெயர் ஊருக்குள் நல்லவிதமாகப் போகும் என்பார்கள். இருக்கலாம், அதை அளக்க எனக்கு வழி தெரியாது.

தனியாகச் செய்வது மலைப்பாக இருந்தால், பக்கத்து ஷெட்காரர்கள் இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருவர் டூல் ரூம், ஒருவர் பேக்கேஜிங், நீங்கள் மெஷினிங் என்று ஆளுக்கு ஒரு குழு. சிறு தொழில் சங்கமான ஹோஸ்டியாவில் கேட்டால் யார் தயாராக இருக்கிறார்கள் என்று சொல்வார்கள். மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்தையும் கேட்டுப் பாருங்கள். பள்ளிக்கு வந்து பேச அவர்களிடம் ஆள் உண்டு. அப்புறம், ஹெச்.எம். அடுத்த தடவை வேறு இடம் கேட்டால் தொழிற்சாலையையே மறுபடி சொல்லாதீர்கள். ஓசூரில் மத்திய பட்டு வாரியத்தின் பட்டுப்புழு, மல்பெரி மரபுவள மையம் இருக்கிறது. உயிரியல் படித்தால் டாக்டர் மட்டும்தான் என்று நினைக்கும் பிள்ளைக்கு அது புது உலகம். தர்மபுரி பட்டுக்கூடு அங்காடியில் ஏலம் நடக்கும்போது போனால், தரத்துக்கும் விலைக்கும் உள்ள சம்பந்தத்தை ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடலாம். பையூர் வேளாண் ஆராய்ச்சி நிலையம், மத்திகிரி கால்நடைப் பண்ணை, சீசன் நேரத்தில் கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளின் ஆய்வகம் என்று இடத்துக்குப் பஞ்சமில்லை. கிரானைட் குவாரிக்கு மட்டும் கூட்டிப்போக வேண்டாம்.

இந்த வாரம் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். உங்கள் அறுபது பேரில் யார் யார் அந்தப் பள்ளியில் படித்தவர்கள் என்று ஹெச்.ஆர். கோப்பைப் பார்த்து ஒரு பட்டியல் எடுங்கள். அதில் இரண்டு பேர் ‘சரி சார், நான் பேசுகிறேன்’ என்று சொல்லிவிட்டால் ஹெச்.எம்.முக்குப் போன் போட்டுத் தேதி கேளுங்கள். யாருமே கிடைக்காவிட்டால் இங்கே எழுதுங்கள், வேறு எப்படி ஆள் பிடிப்பது என்று பார்ப்போம்.